அரக்குச் சாயமும் ஆபீசரும்

அக்கா,

என் வலது கட்டைவிரல் இன்று காலையிலிருந்து அரக்கு நிறத்தில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாகிவிட்டது, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாகிவிட்டது, ம்ஹூம். ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிற ஜாக்கெட் துணி பாதித் தையலோடு மிஷினில் கிடக்கிறது. இந்தக் கையோடு அதைத் தொட்டால் என் தையல் பிழைப்புக்கு அன்றோடு முழுக்குத்தான். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. என் வேலையைக் கெடுப்பதை மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

கோழிக் கொட்டகைப் பரணில் இருந்த உன் பவுடர் டப்பாவைத் திறக்கப் போய் வந்த வினை இது. எதற்குத் திறந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், பொறு. மூடி இறுகிக் கிடந்தது. கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினேன். அடியில் காய்ந்து ஒட்டிக் கிடந்த சாயம் வியர்வைக் கையில் அப்பிக்கொண்டது. அந்த வாடை வந்தது பார்! சாயங்காலம் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவாயே, உன் புடவையிலும் தலைமுடியிலும் இருக்குமே, கொதிக்கும் தொட்டியும் ஈரப் பட்டும் கலந்த வாடை, அதேதான். ஸ்டூலின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் செவிலிமேட்டில் ஒரே சொந்தக்காரரின் அடுத்தடுத்த வாடகை வீட்டுக்குக் குடிவந்தவர்கள். முன்வாசல் தனித்தனி, பின்பக்கம் ஒரே காலி இடம். ரோட்டுப் பக்கம் ஒரு கேட், ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், இரண்டு வீட்டுக்கும் பொதுவான செப்டிக் டேங்க். அதன் மேல் மூடியிருக்கிற சிமென்ட் பலகைதான் வெயில் காய எல்லாருக்கும் இடம். நீ நாலு கோழியோடு முதலில் வந்திருந்தாய். நான் ஒரு நாய்க்குட்டியோடும் வயிற்றுப்பிள்ளைக்காரிப் பூனையோடும் வந்து இறங்கினேன். சாமான் இறக்கி முடிப்பதற்குள் நமக்குள் முதல் சண்டை.

"இன்னாமா, நாயி கீது, பூனையும் கீது. அப்ப என் கோழிய நான் எங்க வெச்சிக்கறது?" என்றாய்.

"கோழியைக் கூண்டுல வைங்க அக்கா, எல்லாரும் அப்படித்தானே வெக்கறாங்க?" என்றேன். புதுசாக வந்த இடம் என்றுகூடப் பார்க்காமல் வாய் நீட்டுகிற பழக்கம் எனக்கு.

"கூண்டுல வெக்க நான் வாங்கல. நடக்கறதுக்கு வாங்கினேன்" என்றாய். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோழி விஷயத்தில் நீ ஏன் அப்படிச் சிலிர்த்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அரிசிக் குருணையை இறைத்துக்கொண்டே சொன்னாய். திருப்புட்குழிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் உன் அம்மா வேலை செய்தார்களாம், நீ ஆறு வயதிலிருந்து அந்த வீட்டுக் கோழிகளைத் திறந்துவிட்டு, மேய்த்து, அடைத்தாயாம். "கோழி அவங்களுது, முட்டை அவங்களுது. வாசல்ல கெடக்கற எச்சத்தக் கூட்டறது மட்டும் எங்களுது" என்று சிரித்தாய். நாற்பது வயதுக்கு மேல்தான் உன் காசில் உன் முதல் கோழியை வாங்கினாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு உள்ளே போய் இரண்டு தோசை சுட்டு உனக்குக் கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கோழிக்குச் சாயம் வைப்பது உன் கண்டுபிடிப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். மேய விட்டால் நாலு தெருக் கோழியும் கலந்துவிடும். ஒருத்தர் காலில் நூல் கட்டுவார், ஒருத்தர் நகப்பூச்சுப் பூசுவார். ஆனால் பட்டறையில் மீந்த பட்டுச் சாயத்தைக் கோழி இறக்கைக்குக் கொண்டுவந்தவளை நான் உன்னைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை அரக்குச் சாயம், எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. பழைய டூத்பிரஷால் இடது இறக்கையின் ஓரத்தில் மூன்று இழுப்பு. "பட்டுக்கு ஏறற சாயம் எறகுக்கும் ஏறும்மா. ரெண்டும் உசுருலேர்ந்து வந்தது தானே" என்பாய். உண்மைதான். மழைக்குப் போகாது, மண்ணில் புரண்டாலும் போகாது. இறகே உதிர்ந்தால்தான் போகும்.

பூனை விவகாரம் சீக்கிரம் தீர்ந்தது. நெற்றியிலிருந்து வால் வரைக்கும் ஒரு தங்கக் கோடு ஓடுவதால் அதற்கு ஜரிகை என்று பெயர் வைத்திருந்தேன். குட்டி போட்ட களைப்பு தீர்ந்ததும் உன் கோழிக்குஞ்சுகளைப் பார்த்து வாயில் எச்சில் ஊற உட்கார்ந்திருந்தது. உன் கோழிகளில் மூத்தது, எப்போதும் பத்துக் குஞ்சை வரிசையில் நடத்திக்கொண்டு திட்டிக்கொண்டே போகுமே, டீச்சர் என்று கூப்பிடுவாயே, அது நேரே வந்து ஜரிகையின் மூக்கில் ஒரே கொத்து. அதோடு சரி. அப்புறம் குஞ்சுகள் போகும்போதெல்லாம் ஜரிகை கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கும், காது மட்டும் ஆடும். "பாரும்மா, எக்ஸாம் ஹால்ல புஸ்தகத்தப் பாக்காத மாதிரியே ஒக்காந்துகினு கீது" என்று நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

நாயைப் பற்றித்தான் நமக்குள் தீராத வாக்குவாதம். அது குட்டியிலேயே பின்பக்கத்தைத் தினமும் மூன்று சுற்று சுற்றி வந்து, முருங்கையடி, கொட்டகை, கேட் என்று ஒவ்வொன்றாக நின்று பார்க்கும். அதனால் ஆபீசர் என்று பெயர் விழுந்தது. பக்கத்துத் தெருக் கோழி உள்ளே வந்தால் ஒரே பாய்ச்சலில் மதில் வரைக்கும் துரத்திவிட்டு வருவான். உன் கோழியை மட்டும் தொடமாட்டான். "அரக்குக் கலரு இருந்தா நம்பளுது, இல்லாங்காட்டி அயலூர்க்காரன். அவனுக்குத் தெரிஞ்சிப்போச்சி" என்று நீ பெருமை பேசுவாய். நாய்க்கு நம்மைப் போலக் கலர் தெரியாது, எல்லாம் மோப்பம்தான், அந்தச் சாயத்தின் வாசனைதான் என்று நான் சொல்வேன். "நீ நாய வளக்கற, நான் நாயப் பாக்கறேன்" என்பாய். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்று வரைக்கும் புரியவில்லை. ஆனால் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. ஆபீசருக்கு அப்போது ஒன்றரை வயது.

இரவெல்லாம் மழை பெய்து காலையில்தான் விட்டிருந்தது. நான் மிஷினில் குனிந்திருந்தேன். பின்பக்கம் ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஆபீசர் வாயில் ஒரு கோழி. ஓடி ஒளியவில்லை அவன். நிதானமாக நடந்து வந்து, உன் பின்வாசல் படியில் அதை வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி உன் கதவையே பார்த்தான். நீ வெளியே வந்தாய். அது டீச்சர்.

நீ கத்துவாய், கல்லை எடுப்பாய் என்று காத்திருந்தேன். நீ குனிந்து அதை எடுத்து, இடது இறக்கையை விரித்துப் பார்த்தாய். அரக்கு இறகு ஒன்றுகூட இல்லை. வாலே இல்லாமல், அங்கங்கே புது முளை இறகோடு, பக்கத்து மனைச் சாக்கடையில் விழுந்து எழுந்து வந்த கோலத்தில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குதித்து வந்திருக்கிறது. நீ கொட்டகைக்குள் போய் மூலையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாய். எல்லாம் டீச்சரின் அரக்கு இறகுகள். இறகு உதிர்க்கிற காலம் வந்ததை நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

"இவன் திருடலம்மா" என்றாய். "டூட்டி பாத்துகினு இருந்தான்."

டீச்சரைக் குழம்பு வைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நீ முருங்கையடியில் குழி தோண்டினாய். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "செத்த கோழிய நாயி கழுத்துல மூணு நாள் கட்டி வுடு, அப்பறம் ஜென்மத்துக்கும் தொடாது" என்று யோசனை சொன்னார். "மூணு நாள் நாத்தம் புடிக்கும். வேற இன்னா ஆவும்?" என்று நீ மண்ணைத் தள்ளிக்கொண்டே கேட்டாய். அவர் போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர், கம்பெனி பஸ் ஓட்டுகிறாரே, பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார். ரத்த ருசி கண்ட நாய், இனிமேல் அடங்காது, இன்றைக்குக் கோழி நாளைக்குத் தெருப் பிள்ளைகள் என்று எல்லாரும் சொன்னதையே அவரும் சொன்னார். கோணிப்பை எடுத்தார், ஸ்கூட்டரை எடுத்தார். பாலாற்றுக்கு அந்தாண்டை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார். நான் அழுதேனே தவிர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனது உன் கோழி. எந்த முகத்தோடு என் நாய்க்காகப் பேசுவேன்? ஆபீசர் பாவம், எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சந்தோஷமாக அவனே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டான்.

நீ கேட்டை மூடிவிட்டு அதன் குறுக்கே நின்றாய். கையில் மண் இன்னும் காயவில்லை.

"தம்பி, செத்த கோழி யாருது?"

"உங்களுதுதான் அக்கா. அதுக்குத்தான்…"

"என்துன்னா நஷ்டம் எனக்கு. தண்டன குடுக்கறதும் குடுக்காததும் நான் பாக்கணும். நீ யாரு நடுவுல? எறக்கி வுடு அவன."

அவர் இறக்கிவிட்டார். அந்த நிமிஷம் வரைக்கும் உன்னை மரியாதையாக நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி என் புள்ள போயிருக்கும் அக்கா" என்று அழுதேன். அதற்கப்புறம் அந்த நீங்க திரும்பி வரவே இல்லை.

மறுநாள் காலையில் டம்ளரும் டூத்பிரஷுமாக வந்து நின்றாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கோழிகளுக்குத்தான் வைக்கப் போகிறாய் என்று பார்த்தால், நேரே போய் ஆபீசரின் காதைப் பிடித்தாய். வெள்ளை நாய். வலது காது முழுக்க அரக்கு! "ஐயோ அக்கா, இன்னா பண்ற?" என்று ஓடி வந்தேன்.

"கோழிக்கு மட்டும் அடையாளம் வெச்சோம், இவனுக்கு வெக்கல. அதான் தான் வேற ஆளுன்னு நெனச்சிகினு போலீஸ் வேல பாக்கறான். இனிமே அவனும் நம்பளுது" என்றாய். ஜரிகை நிலைமை புரிந்து முருங்கையில் ஏறப் போனது, வால் நுனியில் மட்டும் ஒரு இழுப்பு விழுந்தது. அப்போது நீ என்னையும் ஒரு மாதிரி பார்த்தாய். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். ஆபீசர் சிவப்புக் காதோடு தெருவில் போக, எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

காதுச் சாயம் விளையாட்டு. உண்மையான வேலை அதற்கப்புறம்தான் நடந்தது. அடுத்த அடைக்குப் பதினோரு முட்டை வைத்தாய். இடிச் சத்தத்துக்கு முட்டை கெடக்கூடாது என்று கூடையில் ஓர் ஆணியும் ஒரு கரித்துண்டும் போட்டாய். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிந்தது. ஈரம் காய்ந்ததும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து ஆபீசரின் மூக்குக்கு நேரே நீட்டினாய். "பாத்துக்கோ, இது நம்பளுது. பாத்துக்கோ, இதுவும் நம்பளுது." அவன் மோந்து பார்த்துத் தும்முவான். அடுத்தது. ஒன்றைக்கூட விடவில்லை நீ. ஏழாவது குஞ்சுக்கு அவன் கொட்டாவி விட்டான். "இன்னாடா, அட்டெண்டென்ஸ் எடுக்கசொல்ல கொட்டாவி வுடற?" என்று அதட்டினாய். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பளுது என்கிற வார்த்தையை நீ சொல்லும்போதெல்லாம் உன் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். திருப்புட்குழியில் ஆறு வயதில் யாரும் உன்னைச் சொல்லவிடாத வார்த்தை அது என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சுகளுக்கும் அட்டெண்டென்ஸ் நடந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் இறகு உதிர்ந்ததும் புதுச் சாயம் வைத்தாய். கலரா வாசனையா என்கிற சண்டையும் வருஷா வருஷம் நடந்தது. ஆபீசர் ஒரு கோழியையும் தொடவில்லை. வெயிலில் செப்டிக் டேங்க் பலகை மேல் அவன் நீட்டிப் படுப்பான், ஜரிகை அவன் வயிற்றில் சாய்ந்துகொள்ளும், கோழிகள் அவன் மேல் ஏறி உண்ணி பொறுக்கும். டவுன் பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகக் காட்டிச் சிரிப்பார்கள். நல்ல வருஷங்கள் அக்கா அவை. அப்போது நான் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. ஜாக்கெட் கொடுக்க நேரமாகிறது என்று எரிந்து விழுந்ததுதான் அதிகம்.

போன ஐப்பசியில் உனக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மூன்று மாதம் ஓடியது. பொங்கல் கழிந்து கடைசித் தடவை போனபோது, என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாய். மகளைப் பார்த்துக்கொள் என்று கேட்கவில்லை, அவள் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையோடு நன்றாகத்தான் இருக்கிறாள். "கோழிங்கள நீ வெச்சிக்கோ. ஆபீசரக் கட்டிப் போடாத. அவனுக்குத் தெரியும்" என்றாய். சரி அக்கா, சரி அக்கா என்று தலையாட்டினேன்.

தலையாட்டினேன், செய்யவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே ஆபீசரைச் சங்கிலியால் முருங்கையில் கட்டிவிட்டேன். எனக்குப் பயம். அடையாளம் வைக்க நீ இல்லை, அட்டெண்டென்ஸ் எடுக்க நீ இல்லை. திரும்ப ஒரு டீச்சர் செத்தால் குறுக்கே நிற்க யார் இருக்கிறார்கள்? அவன் ஜென்மத்தில் சங்கிலி பார்த்ததில்லை. முதல் மூன்று நாள் இழுத்தான். அப்புறம் சாப்பாட்டைச் சரியாகத் தொடவில்லை. ஆட்டுக்கறி எலும்பு போட்டுப் பார்த்தேன், பால் ஊற்றிப் பார்த்தேன். நக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். நான் போனால் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான்.

இருபத்தைந்து நாள் ஆனது. நாய் எலும்பும் தோலுமாகிவிட்டது. "ரெண்டுல ஒண்ணுதான் முடியும்மா. கோழிங்கள அனுப்பிடு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். உன் மகளுக்குப் போன் போட்டேன். "பரவால்ல ஆன்ட்டி, நீங்க எவ்ளோதான் பாப்பீங்க, ஞாயித்துக்கெழம ஆளுகிட்ட கூண்டு குடுத்து அனுப்பறேன்" என்றாள். எட்டுக் கோழி, ஒரு சேவல். கூண்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உன் முதல் நாள் பேச்சு ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு ஜாக்கெட் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன். கேட்டைத் திறந்ததும் கண்ணில் பட்டது, முருங்கையடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. அதன் முனையில் கழுத்துப் பட்டை, பூட்டினது பூட்டினபடி. சாப்பிடாமல் கழுத்து மெலிந்துபோய், தலை உருவிக்கொண்டு வந்துவிட்டது. கையில் இருந்த பையைப் போட்டுவிட்டுச் செப்டிக் டேங்க் பக்கம் ஓடினேன்.

பலகை மேல் நீட்டிப் படுத்திருந்தான் ஆபீசர். அவனைச் சுற்றிக் கோழிகள். ஒன்று அவன் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. அவனுடைய காலியான சோற்றுத் தட்டில் சேவல் நின்றுகொண்டிருந்தது. காலையில் வைத்த சோறு முழுக்கத் தீர்ந்திருந்தது. எண்ணினேன், ஒன்பதும் இருந்தன. திரும்பவும் எண்ணினேன். அப்போதுதான், அக்கா, அப்போதுதான் நான் இறக்கைகளைப் பார்த்தேன். ஒன்றிலும் அரக்கு இல்லை. ஒரே ஒரு இறகில்கூட இல்லை.

ஐப்பசியில் நீ ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே எல்லாம் உதிர்ந்திருக்கிறது. புதுச் சாயம் யாரும் வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று நான் அவனைக் கட்டின நாள் வரைக்கும் அவன் அடையாளம் இல்லாத கோழிகளோடு அவிழ்த்துவிட்டபடிதான் இருந்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. உனக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் கட்டாதே என்றாய். கலர் இல்லை, வாசனைதான் என்று வருஷக்கணக்காக உன்னோடு மல்லுக்கு நின்றவள் நான். கடைசியில் கலரை நம்பி நாயைக் கட்டினவளும் நான்தான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்பு அழுகையாகிவிட்டது. ஆபீசர் எழுந்து வந்து என் மடியில் தலையை வைத்தான். இருபத்தைந்து நாள் கோபம் அத்தோடு தீர்ந்தது. என்னை மன்னித்துவிட்டான். நீயும் மன்னித்துவிடு.

உன் மகளுக்குப் போன் போட்டு ஆள் அனுப்ப வேண்டாம் என்றேன். "ஏன் ஆன்ட்டி, திடீர்னு?" என்றாள். "நம்பளுது எங்கயும் போவாதும்மா" என்றேன். "எங்கம்மா மாதிரியே பேசறீங்க" என்றாள்.

இப்போது டப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ வைப்பது போலவே பதினோரு முட்டை, ஆணி, கரித்துண்டு எல்லாம் போட்டு நானே ஒரு அடை வைத்தேன். நேற்று ஏழு குஞ்சு பொரிந்தது. நாய்க்கு அடையாளம் தேவையில்லை, ஆனால் எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தேவை. அவரும் இப்போது கோழி வாங்கி மேய விட்டிருக்கிறார், தினமும் ஒரு பஞ்சாயத்து. அதற்காகத்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். சாயம் தீர்ந்துவிட்டிருந்தது. என் கட்டைவிரலுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு இரண்டடி தள்ளி நின்று தப்பித்தேன் இல்லையா, ஒருவழியாக எனக்கும் வைத்துவிட்டாய்.

கழுவிப் பார்த்துத் தோற்றுப்போய், சரி, அட்டெண்டென்ஸாவது எடுக்கலாம் என்று முதல் குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனேன். ஆபீசருக்கு வயதாகிவிட்டது அக்கா, கண்ணில் மூட்டம் போட்டிருக்கிறது. மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்துக்கோ, இது நம்பளுது" என்றேன். குஞ்சை ஒரு நொடிதான் மோந்தான். அப்புறம் என் கட்டைவிரலுக்கு வந்தான். அங்கேயே நின்றுவிட்டான். மோந்தான், மோந்தான், விடவே இல்லை. பின்னங்கால் நடுங்க எழுந்து, பலகையிலிருந்து இறங்கி, நேரே உன் பின்வாசலுக்குப் போனான். சாயங்காலம் உன் சைக்கிள் சத்தத்துக்கு உட்காருவானே, அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்து, மூடின கதவைப் பார்த்து வாலை ஆட்டினான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை. குஞ்சு என் கைக்குள் கத்திக்கொண்டிருந்தது. "பாத்தியா அக்கா, வாசனதான். நான் சொன்னேன் இல்ல?" என்று உன் கதவைப் பார்த்துச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீ எதிர்த்துப் பேசவில்லை. ஜெயித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்புறம் அவனே திரும்பி வந்தான். வால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, உன்னைப் பார்த்துவிட்டு வருகிறவன் மாதிரி. மீதி ஆறு குஞ்சையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். நம்பளுது, நம்பளுது என்று ஒன்றைக்கூட விடாமல் சொன்னேன். ஆறாவதுக்குக் கொட்டாவி விட்டான். ஜரிகை கண்ணை மூடிக்கொண்டு காதை ஆட்டியது.

இதை எழுதும்போதும் விரல் சிவப்பாகத்தான் இருக்கிறது. சோப்புப் போடுவதை நிறுத்திவிட்டேன். அந்தச் சந்தன நிற ஜாக்கெட் கிடக்கட்டும், கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.